சிறுநீர்த் தொற்று வந்த பையனுக்கு முன்தோலை எடுத்தே ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பையனுக்குப் பத்து மாதம். இரண்டு மாதங்களுக்கு முன்னால் சளி, இருமல் எதுவும் இல்லாமல் மூன்று நாள் காய்ச்சல். பிளாஸ்டிக் பையை ஒட்டி யூரின் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘யூரின் இன்பெக்ஷன்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். போன வாரம் மறுபடி காய்ச்சல். ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் (சிறுநீரில் தெரியும் சீழ் அணுக்கள்) 10–12. முன்தோல் பின்னால் போகவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது, சுன்னத் செய்துவிடுங்கள் என்கிறார் மருத்துவர். நம் வழக்கத்தில் இல்லாததை ஏன் செய்யவேண்டும் என்கிறார் மாமியார். டாக்டர் சொன்னால் செய்துவிடலாம் என்கிறார் கணவர். நீங்கள் கேட்டிருப்பது ‘செய்யலாமா, வேண்டாமா’ என்றுதான். ஆனால் கடைசி வரியில், ‘செய்யாமல் விட்டு நாளைக்குக் கிட்னி போய்விட்டால்?’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் குழந்தை நல மருத்துவர். காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். அறுவை சிகிச்சை என் துறை அல்ல. உங்கள் பையனை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்தோலை எடுத்த ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவாகத்தான் வருகிறது. உங்கள் மருத்துவர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது. 1985-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் விஸ்வெல்லும் அவருடைய சகாக்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து, முன்தோல் உள்ள பையன்களுக்கு முதல் வருடத்தில் தொற்று பல மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் மடங்கு கூடிக் குறைந்ததே தவிர, திசை மாறவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1999-ல் வெளியிட்ட கணக்குப்படி, முன்தோல் உள்ள 1,000 பையன்களில் 7 முதல் 14 பேருக்கு முதல் வருடத்தில் தொற்று வருகிறது. எடுத்துவிட்டவர்களில் 1,000-க்கு ஒருவர் அல்லது இருவருக்கு.

காரணமும் ஓரளவு தெளிவாகவே தெரியும். இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி. மலத்திலிருந்து அது முன்தோலின் உட்பக்கத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த உட்பக்கம் ஈரமான மென்தோல். கிருமிக்கு ஒட்ட வசதியான இடம். அங்கிருந்து சிறுநீர்த் துவாரம் வழியாக மேலே ஏறுகிறது. குழந்தை வளர வளர இந்தக் கிருமிக் கூட்டம் தானாகவே குறைகிறது. அதனால் முன்தோலால் வரும் கூடுதல் ஆபத்து முதல் வருடத்தில்தான், அதிலும் முதல் சில மாதங்களில்தான் மிக அதிகம். உங்கள் பையன் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறான். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

‘பத்து மடங்கு குறையும்’ என்று கேட்டால் எந்தத் தாயும் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் எதிலிருந்து பத்து மடங்கு என்று பார்க்க வேண்டும். 2005-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அதுவரை வந்திருந்த 12 ஆய்வுகளைச் சேர்த்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்களின் தகவலை அலசினார்கள். உடலில் வேறு எந்தக் குறையும் இல்லாத பையன் என்றால், ஒரு தொற்றைத் தடுக்க 111 பேருக்கு முன்தோலை எடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே தொற்று வந்து, மறுபடி வரக்கூடிய பையன் என்றால் 11 பேருக்கு. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்பும் கோளாறு பலமாக இருக்கும் பையன் என்றால் வெறும் 4 பேருக்கு. அறுவையால் நூற்றில் இருவருக்கு ஏதாவது சிக்கல் வரும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்: ரத்தக் கசிவு, புண்ணில் சீழ், பின்னாளில் துவாரம் சுருங்குவது போன்றவை. பெரும்பாலும் சிறியவைதான். ஆனாலும் முதல் வகைப் பையனுக்கு லாபத்தைவிட நஷ்டம் தூக்கலாக நிற்கிறது; கடைசி வகைப் பையனுக்கு லாபம் தெளிவு. உங்கள் பையன் இந்த மூன்றில் எந்த வகை? அது தெரியாமல் ‘செய்யலாமா’ என்ற கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தவரை, அதைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் விஷயத்தில் இன்னும் நடக்கவில்லை.

சந்தேகத்துக்கு இடமுள்ளதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 12 ஆய்வுகளில், குழந்தைகளை முறைப்படி இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வீட்டார் செய்த முடிவைப் பின்னால் இருந்து பார்த்தவை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் நோயுள்ள குழந்தைகளுக்கும் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். அவர்களுக்குத் தொற்றும் அதிகம் வரும். முன்தோல் உள்ள குழந்தையிடம் சுத்தமாக யூரின் பிடிப்பதும் கடினம். இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டிவிடும். இவற்றைக் கழித்தாலும் வித்தியாசம் மறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ‘பத்து மடங்கு’ என்ற எண்ணைக் கல்லில் வெட்டியதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2012-ல், நன்மை ஆபத்தைவிட அதிகம் என்று சொன்ன அதே அறிக்கையில், எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு அந்த நன்மை பெரிதல்ல என்றும் எழுதியது.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். முதல் முறை யூரினைப் பை ஒட்டிப் பிடித்ததாகச் சொல்கிறீர்கள். பையில் விழும் சிறுநீர், தோலையும் முன்தோலின் உட்பக்கத்தையும் சில சமயம் மலத்தையும் கழுவிக்கொண்டுதான் வந்து சேரும். அதில் கிருமி வளர்ந்தால் அது சிறுநீர்ப்பையில் இருந்த கிருமியா, தோலில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பை யூரினில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால், அதை மட்டும் வைத்து நோயை முடிவுகட்டக் கூடாது. பஸ் செல்ஸ் கணக்கும் அப்படியே. முன்தோலுக்கு அடியில் சிவந்திருந்தாலும், வேறு காரணத்தால் கடும் காய்ச்சல் இருந்தாலும் பஸ் செல்ஸ் கூடும். உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டில் கல்ச்சர், அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை, செய்ததாகவே தெரியவில்லை. கல்ச்சர் இல்லாமல் ‘இரண்டாவது தொற்று’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதல் ரிப்போர்ட்டில் கல்ச்சர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றிருந்தால் அது தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்ததாக இருந்தால், அநேகமாகத் தோலில் இருந்து வந்ததுதான்.

சரியாகப் பிடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு, மெல்லிய டியூபை உள்ளே விட்டு எடுப்பதுதான் உத்தமம். பார்க்க மனசு கேட்காது. ஆனால் ஒரு நிமிட வேலை, கிடைக்கும் பதில் நம்பகமானது. குழந்தை தெம்பாக இருந்தால் நீங்களே பிடிக்கலாம். பால் கொடுத்து இருபது நிமிடம் கழித்து, இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, லேபில் கொடுத்த மூடி போட்ட டப்பாவோடு காத்திருங்கள். அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துணியால் மெதுவாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். 2017-ல் மெல்பர்னில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இப்படித் தேய்த்தபோது ஐந்து நிமிடத்துக்குள் 31 சதவீதம் பேர் சிறுநீர் விட்டார்கள்; தேய்க்காமல் காத்திருந்தபோது 12 சதவீதம் பேர்தான். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். டப்பாவின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். இதெல்லாம் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை கொடுப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

அடுத்தது ஸ்கேன். உண்மையாகவே தொற்று என்றால், ஒரு வயதுக்குட்பட்ட பையனுக்கு முதல் தொற்றிலேயே சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பது நம்மூர் வழக்கம், பார்க்க வேண்டியதும்கூட. ஆண் குழந்தைகளில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது சிறுநீர்க் குழாயில் குறுக்கே பிறவியிலேயே இருக்கும் சவ்வு அடைப்பு. வால்வு என்பார்கள். அரிதானதுதான், பல ஆயிரம் பையன்களில் ஒருவருக்கு. ஆனால் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுப்பது அதுதான். அதற்கு வீட்டிலேயே ஒரு தடயம் கிடைக்கும்: குளிப்பாட்டும்போது அவன் ஒன்றுக்குப் போவதைக் கவனியுங்கள். வளைந்து தூரமாகப் பீய்ச்சி அடித்தால் நல்லது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகவே போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பீய்ச்சி அடிப்பதால் மட்டும் வால்வு இல்லை என்று முடிவு செய்யவும் வேண்டாம். ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனில் ‘கிட்னியில் லேசாக வீக்கம், பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தாளையும் தேடி எடுங்கள்.

வால்வு இருக்கும் பையனுக்கு என் பதில் வேறு. பிரான்ஸில் அப்படிப்பட்ட 91 பையன்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. முன்தோலை எடுத்து ஆன்டிபயாடிக்கும் கொடுத்த குழுவில் இரண்டு வருடத்தில் 3 சதவீதம் பேருக்குத்தான் காய்ச்சலோடு தொற்று வந்தது. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்த குழுவில் 20 சதவீதம் பேருக்கு. இந்தப் பையன்களுக்கு முன்தோலை எடுக்கச் சொல்ல நான் தயங்குவதே இல்லை. சிறுநீர் பலமாக மேல்நோக்கித் திரும்பி, மருந்து கொடுத்தும் தொற்று விடாமல் வரும் பையனுக்கும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் வழக்கம் இருக்கிறதா இல்லையா என்பது அப்போது இரண்டாம்பட்சம். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் புரியவைத்துவிடலாம்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். கட்டமைப்பில் குறை இல்லாத குழந்தைக்கு ஓரிரண்டு தொற்று வந்ததால் மட்டும் சிறுநீரகம் செயலிழப்பது மிக மிக அரிது. சிறுவயதில் சிறுநீரகம் கெட்டுப்போகும் குழந்தைகளில் பலருக்குப் பிறவியிலேயே அது சரியாக வளராமல் இருந்திருக்கும், அல்லது அடைப்பு இருந்திருக்கும். காய்ச்சலோடு வரும் தொற்றால் சிலருக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழும் என்பது உண்மை. அதைத் தடுப்பதில் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், காய்ச்சல் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பிப்பது. தாமதம் ஆக ஆகத் தழும்பு கூடுகிறது. ஆகவே முன்தோலை எடுக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால், குறையில்லாத பையனைப் பொறுத்தவரை அது சரியல்ல.

முன்தோல் பின்னால் போகவில்லை என்பதைப் பற்றி: பத்து மாதத்தில் அது போகாமல் இருப்பது இயல்புதான். பிறக்கும்போது முன்தோலின் உட்பக்கம் ஆண்குறியின் முனையோடு ஒட்டியேதான் இருக்கும். அது தானாகப் பிரிய வருடங்கள் ஆகும். டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் பள்ளிப் பையன்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 1968-ல் எழுதிய கட்டுரையில், ஆறு ஏழு வயதில் சுமார் 8 சதவீதம் பேருக்கு முன்தோல் இறுக்கமாக இருந்தது. பதினாறு பதினேழு வயதில் 1 சதவீதம்தான். நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது தேங்காய் எண்ணெய் தடவி, ‘தினமும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடு’ என்று பாட்டிமார் சொல்வார்கள். சில மருத்துவமனைகளிலும் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வலிக்கும், நுனியில் வெடிப்பு விழும், அது ஆறும்போது தழும்பாகி உண்மையிலேயே இறுகிவிடும். தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல் வளையமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடு ராத்திரியில் வீங்கிப்போய் எமர்ஜென்சிக்கு வரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். ஒன்றுக்குப் போகும்போது நுனி பலூன் மாதிரி உப்பிப் பிறகு வடிந்தால், தாரை நன்றாக இருக்கும்வரை கவலை இல்லை. தோலுக்கு அடியில் வெள்ளையாக முத்து முத்தாகத் தெரிவது சீழ் அல்ல. உதிர்ந்த தோல் சேர்ந்தது, பிதுக்க வேண்டாம்.

முன்தோலின் நுனி வெளுத்து, தடித்து, வளையம் போல இறுகியிருந்தால் அது வேறு நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான் வரும், அதற்கு அறுவை தேவைப்படும். வெறும் இறுக்கத்துக்கு, அதிலும் தொந்தரவு கொடுத்தால் மட்டும், பீட்டாமெத்தசோன் களிம்பை மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் தடவினால் பெரும்பாலான பையன்களுக்குத் தோல் தளர்ந்துவிடும். இது தொற்றையும் குறைக்குமா? குறைக்கும் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நம்பிக்கை தருகிற சேதிதான், ஆனால் இன்னும் உறுதி என்று சொல்லிவிட முடியாது. பத்து மாதக் குழந்தைக்கு முதலிலேயே அறுவையா என்று தயங்கும் பெற்றோர், இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இஸ்லாமியக் குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்படியும் சுன்னத் செய்யப்போகிறீர்கள், பையனுக்கு வால்வோ சிறுநீர் திரும்பும் கோளாறோ இருக்கிறது என்றால், சுன்னத் கல்யாணத்துக்காக ஆறு ஏழு வயதுவரை காத்திருக்காதீர்கள். தொற்றிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு சின்ன வயதில்தான் அதிகம். எந்தக் குடும்பமானாலும், மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு அறுவை செய்து பழகியவரிடம் செய்யுங்கள். தாய்வழி மாமன்களில் யாருக்காவது பல் பிடுங்கியபோதோ காயம் பட்டபோதோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தால் முன்தோலைத் தொடவே கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும்.

‘சூட்டு உடம்பு, அதான் யூரின் இன்பெக்ஷன்’ என்று சொல்லி இளநீரும் வெந்தயத் தண்ணீரும் கொடுக்கச் சொல்வார்கள். இளநீர் கெடுதல் இல்லை, ஆனால் தொற்றை ஆற்றாது. மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்வது உண்மையாகவே உதவும். குடல் நிறைந்திருந்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் தொடருங்கள், அதற்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. டயப்பரில் மலம் போனால் உடனே மாற்றுங்கள்.

உங்கள் இடத்தில் என் குழந்தை இருந்தால் அறுவைக்கு இப்போது நாள் குறிக்க மாட்டேன். இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் பார்ப்பேன். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தேடுவேன். இரண்டும் சரியாக இருந்தால், உண்மையில் ஒரு தொற்றாவது வந்ததா என்ற சந்தேகத்தோடு காத்திருப்பேன். ஸ்கேனில் குறை தெரிந்தாலோ, சரியாகப் பிடித்த யூரினில் மறுபடி தொற்று உறுதியானாலோ, குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவரையோ அறுவை நிபுணரையோ பார்த்து, முன்தோலை எடுப்பது பற்றி அப்போது மனம் திறந்து பேசுவேன். அந்த நிலையில் மாமியாரின் மறுப்பைவிட மருத்துவரின் வாதம் பலமானது. அதுவரை, சளி இருமல் இல்லாமல் 102 டிகிரி காய்ச்சல் வந்தால் ஒரு நாளைக்கு மேல் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைந்துபோவது இருந்தால் அந்த நேரமே. மருந்துச் சீட்டு எழுதும் முன், ‘டியூப் போட்டு யூரின் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு மருந்து ஆரம்பிக்கலாமா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள்.